பாடக்குறிப்பேட்டில் சிவப்பு மை

கேள்வி

அம்மா, வணக்கமுங்க. சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மூன்றாவது வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் 28 பேர்; பையன்கள் 12, பெண்கள் 16. போன மாதம் பள்ளிக்கு வந்த அலுவலர் என் பாடக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, "கற்றல் நோக்கங்கள் தெளிவாக இல்லை" என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எப்படி எழுதினால் தெளிவு என்று நான் கேட்பதற்குள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். விகிதம் பாடத்துக்கு நான் எழுதியிருந்தது இது: "மாணவர்கள் விகிதத்தைப் பற்றி அறிந்துகொள்வர். விகிதத்தின் முக்கியத்துவத்தை உணர்வர். விகிதத்தை அன்றாட வாழ்வில் பயன்படுத்தும் திறன் பெறுவர்." இதில் என்ன தப்புங்க? வகுப்பில் வாய்ப்பாடே சரியாக வராதவர்கள் எட்டுப் பேர். மில் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நான்கு பேர். அவர்களுக்குத் தமிழ் இப்போதுதான் பழகுகிறது. இவர்களுக்கெல்லாம் தனித்தனியாக நோக்கம் எழுத வேண்டுமா? சிந்தனை நிலைகளைப் பிரித்துச் சொல்லும் புளூமின் ஆறு படிகளையும் தினமும் எழுத வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

பதில்

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

உங்கள் மூன்று வரிகளில் 'விகிதம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஒளிச்சேர்க்கை' என்று போட்டுப் பாருங்கள். அப்படியே பொருந்தும். 'பல்லவர் ஆட்சி' என்று போட்டாலும் பொருந்தும். கோளாறு அங்கேதான் இருக்கிறது. இதை உங்கள் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பி.எட். படிக்கும்போது முந்தின வருடத்துக்காரர்களின் நோட்டை வாங்கிவைத்துக்கொண்டு நாம் எல்லோரும் எழுதிப் பழகிய வரிகள் இவை. நானும் எழுதினேன். திருத்தியவர்கள் வரிகளின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். வகுப்பு முடிந்தபின் அந்த வரியை வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் எதையாவது சோதித்துப் பார்த்தாயா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. உங்களையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கற்றல் நோக்கம் என்றால், பீரியட் முடிந்து மணி அடிக்கும்போது ஒரு பிள்ளை என்ன செய்து காட்டினால் 'இவனுக்கு வந்துவிட்டது' என்று நீங்கள் நம்புவீர்களோ, அதுதான். அதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் காதால் கேட்க வேண்டும். 'அறிந்துகொள்வர்', 'உணர்வர்', 'திறன் பெறுவர்' மூன்றும் பிள்ளையின் மனசுக்குள் நடப்பவை. அங்கே போய்ப் பார்த்துவர நமக்கு வழியில்லை. அதனால் நாம் என்ன செய்கிறோம்? "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்கிறோம். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று 28 குரலும் ஒன்றாக வரும். டீச்சர் மனசு நோகக் கூடாது என்று வருகிற 'ங்க' அது. அதை நம்பி நாம் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னால் கொடுமுடிப் பக்கம் ஒரு பள்ளியில், இதே ஆறாம் வகுப்பு விகிதப் பாடத்தைப் பார்க்கப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த டீச்சர் நன்றாகவே நடத்தினார். உதாரணமும் ஊருக்குத் தகுந்ததுதான்: 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் பஞ்சகவ்யா. போர்டில் 3 : 100 என்று எழுதினார். பிள்ளைகளும் எழுதினார்கள். புத்தகத்திலிருந்து ஆறு கணக்கு போட்டார்கள். என் பக்கத்தில் இருந்த பையனின் நோட்டில் ஆறுக்கும் டிக் விழுந்திருந்தது.

மணி அடித்ததும் அவனை நிறுத்திக் கேட்டேன். "கண்ணு, உங்க தோட்டத்துல பஞ்சகவ்யா அடிப்பாங்களா?"

"அடிப்போமுங்க. எங்க தாத்தா அடிப்பாருங்க."

"முதுகுல மாட்டற டேங்கு பத்து லிட்டர் புடிக்குதுன்னு வெச்சுக்க. அதுக்கு எவ்வளவு ஊத்தணும்?"

நோட்டை மறுபடி திறந்தான். 100 எழுதி, அதற்குக் கீழே 10 எழுதிக் கழித்தான். 90 வந்தது. பக்கத்தில் 3 எழுதி, அதற்குக் கீழே 90 எழுதினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தான். "மூணுல தொண்ணூறு போகாதுங்களே டீச்சர்."

வீட்டில் தாத்தாவுக்கு அந்த 300 மில்லியை அளக்கிற கப்பை எடுத்துக் கொடுப்பவனே அவனாகத்தான் இருப்பான். நோட்டில் ஆறும் சரி. ஆனால் அவன் மனசில் விகிதம் என்பது கூட்டல் கழித்தலாகவே இருந்தது: அங்கே 90 குறைந்தால் இங்கேயும் 90 குறைய வேண்டும். அந்த டீச்சரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பாடக்குறிப்பேட்டில் அன்றைய நோக்கம், "விகிதம் என்ற கருத்தைப் புரிந்துகொள்வர்." அதற்குப் பதிலாக "100 லிட்டருக்குச் சொன்ன அளவை வேறு அளவு டேங்குக்கு மாற்றிச் சொல்வர்" என்று எழுதியிருந்தால், மணி அடிப்பதற்கு முன்னாலேயே அந்தக் கேள்வியை அவரே கேட்டிருப்பார். நான் போய்க் கேட்கும்வரை அது காத்திருந்திருக்காது.

அன்றிலிருந்து பயிற்சிக்கு வருகிற எல்லோரிடமும் ஒரே வழியைத்தான் சொல்லிவருகிறேன். நோக்கத்தை முதலில் எழுதாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளிடம் கொடுக்கப்போகிற கேள்வியை முதலில் எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு என்ன சரியான விடை, எந்தெந்தத் தப்பான விடைகள் வரும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கேள்வியைப் பொதுவாகச் சொன்னால் நோக்கம் தானாக வந்துவிடும். நோக்கத்திலிருந்து தொடங்கினால் பழக்கதோஷத்தில் கை 'அறிந்துகொள்வர்' என்றுதான் எழுதும். கேள்வியிலிருந்து தொடங்கினால் அந்தச் சொல்லுக்கு இடமே இருக்காது.

தமிழில் எழுதும்போது இன்னொரு பொறி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'விகிதத்தை அறிமுகப்படுத்துதல்', 'எளிய வடிவம் காணுதல்', 'குழுவாகச் செய்தல்' என்று '-தல்' போட்டு முடிக்கிற வழக்கம். தொழிற்பெயரில் முடித்தால் அந்த வேலையைச் செய்வது யார் என்பது மறைந்துபோகும். அறிமுகப்படுத்துவது டீச்சர், பிள்ளை இல்லை. குழுவாகச் செய்வது பிள்ளைதான், ஆனால் அது வகுப்பில் நடக்கிற செயல்பாடு; அதன் முடிவில் அவனுக்கு என்ன கைவந்திருக்கும் என்று அந்த வரி சொல்லவில்லை. அதனால் நோக்கத்தை வினைமுற்றில் முடியுங்கள். எழுவாய் பிள்ளையாக இருக்கட்டும். 'எழுதுவர்', 'மாற்றிச் சொல்வர்', 'அடுக்கிக் காட்டுவர்', 'தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவர்.' எழுதிய வரியை வாய்விட்டுப் படித்து, "யாரு செய்யறா? செஞ்சா எனக்குத் தெரியுமா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால் போதும்.

இப்போது உங்கள் விகிதப் பாடத்துக்கு வருவோம். 2018-லிருந்து வந்த நம் புதிய பாடநூல்களில் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் கற்றல் நோக்கங்கள் என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பலர் அதைத்தான் அப்படியே குறிப்பேட்டில் இறக்குகிறார்கள். அது பாடம் முழுவதற்கும் உரியது. பத்துப் பன்னிரண்டு பீரியட் நடத்தி முடித்தபின் எட்ட வேண்டிய இடம். மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 2017-இல் வெளியிட்ட கற்றல் விளைவுகள் அதைவிடப் பெரிய அளவில், ஒரு வருட முடிவுக்கு எழுதப்பட்டவை. உங்களுக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடுக்கான வரி. ஒரு பீரியடுக்கு ஒன்று. மிஞ்சினால் இரண்டு.

விகிதத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குகிற இடங்கள் நான்கு. வரிசையை மாற்றி எழுதுவார்கள். அலகு வேறாக இருப்பதைக் கவனிக்க மாட்டார்கள். பகுதிக்கும் பகுதிக்கும் உள்ள விகிதத்தையும் பகுதிக்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதத்தையும் குழப்பிக்கொள்வார்கள். நான்காவது, கொடுமுடிப் பையன் செய்தது. பாடத்தை நாள் நாளாகப் பிரிக்கும்போது இந்த நான்கையும் மனசில் வைத்துப் பிரியுங்கள்.

முதல் நாள் கேள்வி உங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. "நம் வகுப்பில் பையன்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் என்ன? பெண்களுக்கும் பையன்களுக்கும்? பையன்களுக்கும் மொத்த வகுப்புக்கும்?" 12 : 16, 16 : 12, 12 : 28. மூன்றாவதற்கும் 12 : 16 என்று எழுதுகிற பிள்ளை யார் என்பதுதான் அன்று உங்களுக்குத் தெரிய வேண்டியது. அப்படியானால் குறிப்பேட்டில் வரும் வரி: "கேள்வியில் எதை முதலில் சொல்கிறார்களோ அதை முதலில் வைத்து, பகுதிக்கும் பகுதிக்கும், பகுதிக்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதங்களை எழுதுவர்." அன்றைக்கே 3 : 4 என்று சுருக்கச் சொல்லாதீர்கள். சுருக்குவதற்கு வகுத்தல் வேண்டும், வகுத்தலுக்கு வாய்ப்பாடு வேண்டும். வாய்ப்பாடு வராத எட்டுப் பேரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு வராதது விகிதமா வாய்ப்பாடா என்று உங்களுக்கும் தெரியாமல் போய்விடும். சுருக்குவது அடுத்த நாள் வேலை.

அலகுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். உங்கள் ஊரில் தறி இல்லாத தெரு குறைவு, 75 செ.மீ. துண்டுக்கும் 3 மீட்டர் துணிக்கும் உள்ள நீளத்தின் விகிதத்தைக் கேளுங்கள். 75 : 3 என்று எழுதி, அதை 25 : 1 என்று அழகாகச் சுருக்கிக் காட்டுகிற பிள்ளை இருப்பான். துண்டு துணியைவிட 25 மடங்கு நீளம் என்று ஆகிவிட்டதே என்று அவனே சிரிக்க வேண்டும். அதுவரை அன்றைய பாடம் முடியவில்லை. "வெவ்வேறு அலகில் உள்ள இரண்டு நீளங்களை ஒரே அலகுக்கு மாற்றி விகிதம் எழுதுவர், கிடைத்த விடை நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்று சொல்வர்." விடை 1 : 4.

அதற்கப்புறம்தான் கனமான பகுதி. அதற்கு இரண்டு பீரியடாவது கொடுங்கள். கட்டட வேலைக்குப் போகிற அப்பா எப்படியும் உங்கள் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்கு இருப்பார். கான்கிரீட்டுக்கு 1 : 2 : 4 என்று கலப்பது அவர்கள் வீட்டில் புழங்குகிற பேச்சு. சிமெண்ட் ஒரு சட்டி, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. சிமெண்ட் மூன்று சட்டி போட்டால் ஜல்லி எத்தனை? கூட்டி யோசிக்கிற பிள்ளை 6 என்பான்: அங்கே இரண்டு கூடியது, இங்கேயும் இரண்டு. பெருக்கி யோசிக்கிறவன் 12 என்பான். ஒரு கேள்வியிலேயே இரண்டு பேரும் தனித்தனியாகத் தெரிந்துவிடுவார்கள். நல்ல சோதனைக் கேள்விக்கு இதுதான் அடையாளம்: தப்பான யோசனை தப்பான விடையாக வெளியே வர வேண்டும். 1 : 2 கொடுத்து, சிமெண்ட் 2 சட்டி என்றால் மணல் எத்தனை என்று கேட்டால், பெருக்கினாலும் 4, விகிதத்தை யோசிக்காமல் கண்ணில் பட்ட இரண்டு 2-ஐயும் கூட்டினாலும் 4. அந்தச் சரியான விடையால் உங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. எண்களைத் தேர்ந்தெடுப்பதில் பத்து நிமிடம் செலவழியுங்கள். வரியை அழகாக எழுதுவதைவிட அது முக்கியம்.

வாய்ப்பாடு வராத எட்டுப் பேருக்கும் ஒடிசாப் பிள்ளைகள் நான்கு பேருக்கும் தனி நோக்கம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அமெரிக்காவில் ராபர்ட் மேகர் 1962-இல் சொன்ன ஒரு பகுப்பு கைகொடுக்கும். ஒரு நோக்கத்தில் மூன்று பகுதி இருக்க வேண்டும் என்றார் அவர்: கற்பவர் என்ன செய்வார், எந்த நிலைமையில் செய்வார், எந்த அளவுக்குச் செய்தால் போதும். நம் பயிற்சிகளில் முதல் பகுதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நடுவில் உள்ள 'எந்த நிலைமையில்' என்பதைக் கடந்துபோய்விடுகிறோம். உங்களுடையதைப் போலப் பலதரப்பட்ட வகுப்புக்கு உயிரே அந்த நடுப்பகுதிதான்.

எட்டுப் பேருக்கு எழுதுங்கள்: "வாய்ப்பாட்டு அட்டையைப் பார்த்துக்கொண்டு, தரப்பட்ட கலவையை மூன்று மடங்காக மாற்றிச் சொல்வர்." மற்றவர்களுக்கு அட்டை இல்லாமல். நோக்கம் ஒன்றுதான், நிலைமைதான் வேறு. இன்றைய பாடம் விகிதம். ஏழாம் வாய்ப்பாட்டை இன்று பரீட்சிக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டையோடு நிறுத்திவிட்டால் அவர்களுக்கு நாம் செய்கிற அநியாயம் அது. வாய்ப்பாட்டுக்குத் தனியாக ஒரு நோக்கம், தினம் காலையில் பத்து நிமிடம், அதற்கென்று ஒரு சோதனை வேண்டும். உங்கள் பள்ளியிலேயே கீழ் வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கும். 2022-இல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பாடம் எடுக்கிறார்கள். அந்த டீச்சர்களோடு ஒரு மதியம் உட்கார்ந்து, ஒரே பாடத்துக்கு மூன்று நிலையிலும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சி மையத்தில் ஒரு நாள் உட்காருவதைவிட அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு அதிகம் உதவும்.

ஒடிசாப் பிள்ளைகள் விஷயத்தில் 'விளக்குவர்', 'காரணம் கூறுவர்' என்று வருகிற இடங்களையெல்லாம் ஒருதரம் பாருங்கள். அங்கே நீங்கள் கணக்கைச் சோதிக்கிறீர்களா, தமிழைச் சோதிக்கிறீர்களா? பெருந்துறை, திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இன்று இது அன்றாடப் பிரச்சினை. நன்றாகக் கணக்கு வருகிற பிள்ளை, வாயைத் திறக்காததால் 'மெல்லக் கற்பவர்' பட்டியலில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்து வருந்தியிருக்கிறேன். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் ஒரு குவியல் கொடுத்து, 2 : 3 என்று போர்டில் எழுதி, அதே விகிதத்தில் பத்துக் கொட்டைக்கு எத்தனை கல் என்று அடுக்கச் சொல்லுங்கள். 15 கல்லை எடுத்து அடுக்கினால் அவனுக்கு விகிதம் வந்துவிட்டது. தமிழ் அதன் வேகத்தில் வரட்டும். நோக்கத்தில் "அடுக்கியோ, எழுதியோ, சொல்லியோ காட்டுவர்" என்று போட்டால் 28 பேருக்கும் அந்த வரி பொருந்தும்.

மூன்றாவது பகுதியான 'எந்த அளவுக்கு' என்பதை நீட்ட வேண்டியதில்லை. எல்லா வரியிலும் "80 சதவீதம் சரியாக" என்று ஒட்டுவதால் பயனில்லை. ஐந்து கணக்கு கொடுக்கிற நாளில் ஐந்தில் நான்கு என்று எழுதலாம். ஒரே ஒரு நல்ல கேள்வி கேட்கிற நாளில் சரி, தப்பு இரண்டுதான்.

புளூம் பற்றிக் கேட்டீர்கள். பெஞ்சமின் புளூம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவரும் கூட இருந்தவர்களும் தேர்வு நடத்துபவர்கள்; கல்லூரித் தேர்வுக் கேள்விகளை வகைப்படுத்திப் பகிர்ந்துகொள்ள ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்று தொடங்கிய வேலைதான் 1956-இல் வெளிவந்த அந்த வகைப்பாடு. அறிவு, புரிதல், பயன்பாடு, பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என்று நாம் பி.எட்.டில் மனப்பாடம் செய்தது அது. 2001-இல் ஆண்டர்சன், கிராத்வோல் முதலியவர்கள் அதைத் திருத்தினார்கள். பெயர்ச்சொற்களாக இருந்ததை வினைச்சொற்களாக்கி, நினைவுகூர், புரிந்துகொள், பயன்படுத்து, பகுத்தாராய், மதிப்பிடு, உருவாக்கு என்று வைத்தார்கள். கடைசி இரண்டின் இடமும் மாறியது. தமிழ்ப் பயிற்சிக் கையேடுகளில் இவற்றையும் மறுபடி 'நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல்' என்றே எழுதிவிடுவதால், அந்தத் திருத்தத்தின் சாரமே நம் கண்ணில் படாமல் போகிறது.

அது கேள்விகளை வகை பிரிக்க வந்தது. ஒரே பீரியடில் ஆறு படியும் ஏறியே ஆக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. 40 நிமிடத்தில் ஆறு நோக்கம் எழுதினால் ஒன்றையும் சோதிக்க நேரம் இருக்காது. பாடம் முழுவதையும் எடுத்துப் பாருங்கள்: எல்லா நாளும் முதல் படியிலேயே நிற்கிறதா? அப்படியானால்தான் கவலைப்பட வேண்டும். இன்னொன்று, வினைச்சொல்லை மட்டும் பார்த்துப் படியைத் தீர்மானிக்காதீர்கள். 'காரணம் கூறுவர்' என்று உயரமான சொல்லாக எழுதியிருப்போம். அந்தக் காரணம் புத்தகத்தில் கட்டம் போட்டுக் கொடுத்த வரியாக இருந்தால் பிள்ளை செய்வது மனப்பாடம்தான்.

உங்கள் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவரும் இதைப் படித்தால் நல்லது என்பதால் நம் வாய்க்காலை வைத்தே ஓர் உதாரணம். பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கி.மீ. ஓடுகிறது, பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். இவற்றைச் சொல்லச் சொன்னால் நினைவு. அதுவும் வேண்டியதுதான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். எண் தெரியாமல் யோசிக்க முடியாது. இனி, அந்தப் பரப்பை 1,03,500 ஏக்கர் கொண்ட இரண்டு பாதியாகப் பிரித்து, போகத்துக்கு ஒரு பாதி என்று முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். "அணையில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது. இந்த முறையை அப்படியே வைப்பீர்களா, மாற்றுவீர்களா? தலைமடைக்காரர் ஒருவரும் கடைமடைக்காரர் ஒருவரும் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டால், பிள்ளை பகுத்து மதிப்பிட்டாக வேண்டும். "நீர் முறை பற்றி இருவேறு விவசாயிகளின் வாதத்தை எழுதி, தான் எந்தப் பக்கம் என்று தரவோடு சொல்வர்." இதே பாடம், இதே நாள்தான். கேள்வி மாறியதும் படியும் மாறிவிட்டது.

எல்லாவற்றையும் இப்படி அளந்துவிட முடியுமா என்று உங்கள் பள்ளித் தமிழாசிரியர் கேட்டால், அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஒரு செய்யுளைப் படித்து ஒரு பிள்ளை கண் கலங்கினால் அதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. அங்கே "பிடித்த வரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் பிடித்தது என்று சொல்வர்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைப் பாட்டிடம் விட்டுவிட வேண்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். கடைசி ஐந்து நிமிடத்தில் நோட்டுத் தாளில் கால் பங்கு அளவுக்கு ஒரு துண்டு கொடுங்கள். கேள்வி போர்டில் இருக்கட்டும். பெயர் எழுதி, விடை எழுதி, மேசையில் வைத்துவிட்டுப் போகட்டும். மதியம் சத்துணவு நேரத்தில் 28 சீட்டையும் மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: வந்தவர்கள், வழி சரி ஆனால் கணக்கில் தப்பியவர்கள், யோசனையே வேறாக இருப்பவர்கள். நாலு நிமிடம்கூட ஆகாது. திருத்த வேண்டாம், மார்க் போட வேண்டாம். குறிப்பேட்டில் அன்றைய நோக்கத்துக்கு நேரே ஓரத்தில் 17, 6, 5 என்று மூன்று எண்ணை மட்டும் எழுதுங்கள். மறுநாள் பாடத்தை எங்கே தொடங்குவது என்று அந்த மூன்று எண்ணே சொல்லிவிடும். மூன்றாவது அடுக்கு பத்தைத் தாண்டினால் புதுப் பாடத்துக்குப் போகாதீர்கள்.

நோக்கத்தைப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். குறிப்பேட்டுத் தமிழில் வேண்டாம், நம்ம பேச்சில் சொல்லுங்கள்: "இன்னிக்கு மணி அடிக்கறதுக்குள்ள, எந்த டேங்கக் கொண்டாந்து வெச்சாலும் மருந்து எவ்வளவு ஊத்தறதுன்னு நீங்களே சொல்லிப்போடுவீங்க." எங்கே போகிறோம் என்று தெரிந்த பிள்ளை, வழியில் தடுமாறினால் தானே கேட்பான்.

அந்த அலுவலர் அடுத்த தடவை வரும்போது, சிவப்பு மை இருக்கிற பக்கத்தையும் இந்த ஓரத்து எண்கள் இருக்கிற பக்கத்தையும் சேர்த்தே காட்டுங்கள். அவர் எழுதியது சரியான குறைதான், சொன்ன விதம்தான் போதவில்லை. ஓரத்தில் ஏன் 5 என்று அவர் கேட்டால், அந்த ஐந்து பேர் யார், அவர்களுக்கு நேற்று என்ன செய்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடியும்.

விகிதப் பாடத்தை மறுபடி எடுக்கப் போகிறீர்களானால் கடைசி நாள் சீட்டுக்கு இந்தக் கேள்வியைக் கொடுங்கள்: "100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் பஞ்சகவ்யா. டேங்க் 16 லிட்டர். எத்தனை மில்லி ஊற்றுவாய்?" எத்தனை பேர் 480 என்று எழுதினார்கள், எத்தனை பேர் 100-லிருந்து 16-ஐக் கழித்துப் பார்த்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். கழித்தவர்களின் சீட்டுகளைப் பெயரை மறைத்துப் படம் எடுத்து அனுப்பினால், அவர்களோடு மறுநாள் எங்கிருந்து தொடங்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.